சும்மா சுற்றும் கைபிடி

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் செய்தவற்றைக் கேளுங்கள். ஈஸ்ட்ஹாமில் ஒரு நகைக்கடைக்கு மேலே, தண்ணி ஏறாது என்று பெரிய கொம்பனிக்காரர் கைவிட்டுப் போன மாடிக்குத் தண்ணி ஏற்றினேன். எட்மண்டனில் பழைய சப்பாத்துத் தொழிற்சாலை ஒன்றைக் கலியாண மண்டபம் ஆக்கினபோது, அதன் சமையலறை, கழிவறை, வடிகால் எல்லாம் என் கையால் போட்டேன். சாமான் ஏற்றும் வான் வண்டி வாங்க வழியில்லாத காலத்தில் செப்புக் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் இறக்கிவிட்டால் அடுத்த பஸ்ஸில் ஏறினேன். ஆங்கிலத்தில் ஒரு முழு வசனம் சொல்ல வராத நாளிலேயே வெள்ளைக்காரர் வீட்டு நிலத்தைக் கிளப்பி, ஒழுக்கைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டு, திரும்ப நிலம் போட்டுக் கொடுத்தேன். பிறகு என் பெயர் எழுதின வான்கள் வடக்கு லண்டனிலும் கிழக்கு லண்டனிலும் ஓடின.

இதெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்லுவது வழக்கம். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, அனுபவத்தை எழுதித் தாருங்கோ என்று கேட்டீர்கள். குழாய் வெட்டுவதும் வளைப்பதும் ஒட்டுவதும் கொலிஜில் படித்திருப்பீர்கள், என்னைவிட வடிவாகப் படம் போட்டும் காட்டியிருப்பார்கள். அதை விடுவோம். நான் சொல்லப்போவது, சுவருக்கு வெளியே திருகித் தண்ணி பிடிக்கிற ஒரு வெளிப் பைப்பின் கதை. என் தொழிலே அந்தப் பைப்பில் தொங்கிக்கொண்டு நின்ற கதை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை, எழும்பி நடக்கத் தோன்றுகிறது.

லண்டனுக்கு வர முன்னம் நான் சுவிசில் இருந்தேன். அங்கே என்னை வேலைக்கு எடுத்தவர் ஒரு வயதான சுவிஸ்காரர். தன் பெயர் எங்கேயும் வெளியே வருவதை விரும்பாத மனிதர், ஆகையால் பெயர் சொல்லவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவரிடம் பாடம் படிக்கவில்லை. மற்ற எல்லாம் அவரிடம் படித்ததுதான்.

அங்கே வீட்டுக்கு வெளியே தோட்டத்துப் பைப் ஒன்று இருந்தால், சுவருக்கு உள்பக்கம் அதற்கென்று ஒரு வால்வு இருக்கும். வால்வின் அடியில் தண்ணி வடிய ஒரு சின்ன மூக்கு இருக்கும். குளிர் தொடங்க முன்னம் வீடு வீடாகப் போவோம். உள்வால்வைப் பூட்டுவோம். வெளிப் பைப்பைத் திறப்போம். மூக்காலும் மிச்சத் தண்ணியை வடித்துவிட்டு மூக்கை மூடுவோம். வெளிப் பைப்பை மட்டும் திறந்தபடியே விட்டுவிட்டு வருவோம்.

ஏன் திறந்தபடி? எவ்வளவு நல்ல வால்வென்றாலும் என்றைக்காவது ஒரு சொட்டு விடும். வெளியே திறந்து கிடந்தால் அந்தச் சொட்டு விழுந்து போய்விடும். வெளியே பூட்டிக் கிடந்தால் அது குழாய்க்குள் நிற்கும். நாளாக ஆக நிறையும். நிறைந்தது உறையும், உறைந்தது வீங்கும், வீங்கினது குழாயைப் பிளக்கும். முழு விஷயமும் இவ்வளவுதான். இதற்குப் படிப்புத் தேவையில்லை.

அந்தப் பெரியவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வீட்டுக்காரர் வாசலில் நின்று, 'பைப்பைத் திறந்துதான் விட்டிருக்கிறேன்' என்று சொன்னால், தலையை ஆட்டுவார், ஆட்டிவிட்டு நேரே தோட்டத்துக்குப் போய்ப் பார்ப்பார். ஒருநாள் ஒரு வீட்டில் மனிதன் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னான். போய்ப் பார்த்தால் இறுக்கிப் பூட்டிக் கிடந்தது. வானில் திரும்பி வரும்போது நான் கேட்டேன், அந்த மனிதன் பொய்யனா என்று.

"இல்லை," என்றார். "தங்கள் கை என்ன செய்தது என்று ஆட்களுக்குத் தெரியாது."

அதைக் கேட்டு அப்போது சிரித்தேன். அது எனக்கு விளங்க நான் லண்டனுக்கு வரவேண்டியிருந்தது.

இங்கே வந்து பார்த்தால், வெள்ளைக்காரர் குளிர்காலத்தில் வெளிப் பைப்புக்குப் பழைய காலுறையைப் போட்டுக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார்கள், பைப்புக்குச் சளித் தடிமன் பிடித்தது போல. உள்வால்வு இருந்தால் அது சிங்குக்குக் கீழே ஒரு மூலையில், துருப்பிடித்து, அசையாமல் கிடக்கும். நான் சிரித்துக்கொண்டே நல்லாய் உழைத்தேன்.

இனிக் கோயிலுக்கு வருவோம். எட்மண்டன் பக்கம் ஒரு கோயில். பழைய மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள். வாசல் சுவரில் கால் கழுவ ஒரு பைப். அதே சுவரின் மறுபக்கம் மடப்பள்ளிக்கு அரிசி மூட்டை அடுக்கிற அறை. 2009 மாசியில் ஒரு பனி கொட்டினதே, லண்டனில் பஸ்கூட ஓடாமல் நின்ற பனி, அதில் அந்தப் பைப் வெடித்தது. பனி உருகத் தண்ணி உள்ளே வந்து, அரிசி மூட்டைகள் ஊறி, பலகை நிலம் வீங்கி எழும்பிவிட்டது. கட்டடச் சொந்தக்காரர் வந்து பார்த்துவிட்டு, இன்னொரு தரம் இந்தச் சுவரால் தண்ணி வந்தால் பைப்பை எடுத்துச் சிமெந்தால் அடைக்கவேண்டும், மாட்டேன் என்றால் இடத்தை விடவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருடம் எங்கள் சனத்துக்கு எப்படிப்பட்ட வருடம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வைகாசியில் ஊரில் சண்டை முடிந்த பிறகு ஆளுக்காள் முகம் பார்த்துக் கதைக்கவே பயந்தார்கள். ஆனால் கோயிலுக்கு வந்தார்கள். முன்னம் வராதவர்களும் வந்தார்கள். வந்து அந்தப் பைப்படியில் காலைக் கழுவிக்கொண்டு கொஞ்சநேரம் அங்கேயே நிற்பார்கள். அதை அடைப்பது நடக்கிற காரியம் இல்லை என்று கோயில் தலைவருக்கே தெரியும். பலசரக்குக் கடை வைத்துக் கையைச் சுட்டுக்கொண்ட மனிதர், எதற்கும் பயம், ஆனாலும் நல்லவர்.

"தவம், உன்னால ஏலுமோ?" என்று கேட்டார்.

"என்னால ஏலாதெண்டா லண்டனில ஒருத்தராலும் ஏலாது," என்றேன். அப்படித்தான் சொல்லவேண்டும் பிள்ளைகளே. சொல்லிவிட்டால் பிறகு செய்தே ஆகவேண்டும்.

கோயில் கமிட்டியில் சந்தானம் என்று ஒரு எஞ்சினியர் இருந்தார், மதுரைப் பக்கத்துக்காரர். அவர் குழாயைச் சுற்றிச் சூடு வயர் போடலாம் என்று சொல்லிப் பார்த்தார்.

"கால் கழுவுற இடத்தில கரண்டோ?" என்றார் தலைவர். "சனம் சாமியைப் பாக்க வந்து நேர சாமியிட்டப் போயிடும்."

"சரி சார், நான் வாயே திறக்கல," என்றார் சந்தானம்.

நான் சுவிஸ் முறையில் செய்தேன். குழாயை வெளிப்பக்கம் சரித்து வைத்தேன். உள்ளே, அரிசி அறையில், கைக்கெட்டும் உயரத்தில் வால்வும் மூக்கும் வைத்தேன். குளிர் தொடங்க நானே போய்ப் பூட்டினேன், வடித்தேன், வெளிப் பைப்பைத் திறந்தபடி விட்டேன். குளிர் முடியும்வரை கால் கழுவ வாசலுக்கு உள்ளே இளஞ்சூட்டுத் தண்ணி வாளியில் வைப்பது என்று முடிவெடுத்தோம். எல்லாரும் பாராட்டினார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

மார்கழியில் திருவெம்பாவை தொடங்கியது. பத்து நாளும் விடியற்காலைப் பூசை. அந்த நேரம் பார்த்துக் குளிரும் இறுகியது, வாசலில் நின்றால் மூச்சு வெள்ளையாகப் போகும். பூசை தொடங்கி அடுத்த நாளோ அதற்கு அடுத்த நாளோ தலைவர் போன் எடுத்தார்.

"உன்ர பைப் பிளந்துபோச்சு."

கோயில் பைப் என்று சொல்லவில்லை பாருங்கள். உன்ர பைப் என்றார்.

போய்ப் பார்த்தேன். சுவரை ஒட்டின இடத்தில் குழாய் நீளவாக்கில் வாய் பிளந்து, உள்ளே வெள்ளையாக ஐஸ் தெரிந்தது. ஐஸ் உருகும்வரை ஒரு துளியும் வராது, உருகினால் வரும். பைப்பைத் தொட்டேன். இறுக்கிப் பூட்டிக் கிடந்தது.

"ஆர் இதைப் பூட்டினது?"

"ஒருத்தரும் பூட்டேல்லை," என்றார் தலைவர்.

ஐயரைக் கேட்டேன். "நான் அந்தப் பக்கமே வரேல்லை, எனக்கு உள்ளுக்கே விறைக்குது," என்றார். வாளியில் தண்ணி நிரப்புகிறவரைக் கேட்டேன், இல்லை என்றார். வந்தவர் போனவர் எல்லாரும் இல்லை என்றார்கள். எல்லாருடைய முகமும் உண்மையான முகம்.

"வேலையில ஒரு பிழை வந்திட்டுது எண்டு ஒத்துக்கொள்ளன் தவம்," என்றார் தலைவர், ஆறுதல் சொல்லுகிற மாதிரி. அந்த ஆறுதல் எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது.

கதை பரவ எவ்வளவு நேரம் எடுக்கும்? நான் வானில் ஏறி வீட்டுக்குப் போக முன்னமே பிளேஸ்டோவுக்குப் போய்விட்டது. அங்கே மணியக்கா என்று ஒருவர். கோயிலுக்குத் தவறாமல் வருகிறவர். தன் வீட்டுக் குளியலறையைப் புதிதாக்க என்னிடம் சொல்லியிருந்தவர். போன் எடுத்தார்.

"தம்பி, அந்த பாத்ரூம் விஷயம் இப்ப வேண்டாம்."

"ஏன் அக்கா?"

"ஒண்டுமில்லை. இவர் சொல்லுறார், கோயில் பைப்பையே காப்பாத்தத் தெரியாத ஆள் எங்கட வீட்டை என்னெண்டு காப்பாத்துவார் எண்டு."

"அவர் சொன்னவரோ, நீங்கள் சொன்னனீங்களோ?"

"ரெண்டு பேரும் ஒரு வீட்டிலதானே இருக்கிறம்," என்று போனை வைத்துவிட்டார்.

உங்களுக்கு இன்றைக்கு இணையத்தில் நட்சத்திரம் போடுகிறார்கள். எனக்கு அந்த நாளில் நட்சத்திரம் போடுகிற இடம் கோயில் வாசல்தான். அங்கே என் பெயர் கெட்டால் எட்மண்டனிலிருந்து பிளேஸ்டோ வரைக்கும் ஒரு தமிழ் வீட்டுக் கதவும் எனக்குத் திறக்காது. செப்புக் குழாயைத் தோளில் வைத்துப் பஸ்ஸில் போய்க் கட்டின தொழில், ஒரு கால் கழுவுகிற பைப்பில் போகப் பார்த்தது.

தலைவரிடம் போய், "திருவெம்பாவை முடியுமட்டும் நேரம் தாங்கோ," என்றேன்.

"முடிய முன்னம் குளிர் உருகி, ஒரு துளி உள்ள வந்தாலும், நான் சிமெந்து குழைக்கிறன். பிறகு வேற ஆளைப் பாப்பம்."

"குழையுங்கோ. நானே மண்வெட்டி கொண்டுவந்து தாறன்."

பிளந்த துண்டை வெட்டி எடுத்துப் புதுக் குழாய் போட்டேன். வெளிப் பைப்பைத் திறந்துவிட்டு, 'பூட்ட வேண்டாம், திறந்தபடி இருக்கட்டும்' என்று பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிட்டேன். அடுத்த நாள் விடிய, வாசலுக்கு எதிரே வானை நிறுத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். எனக்குச் சுவிஸ் பெரியவர் சொன்னது நினைவுக்கு வந்துவிட்டது. ஆட்களைக் கேட்டுப் பயனில்லை, ஆட்களுடைய கையைப் பார்க்கவேண்டும். சந்தானம் பிளாஸ்கில் தேநீர் கொண்டுவந்து பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"என்னண்ணே, போலீஸ் வேலையா?"

"பேசாமல் இருந்து பாரும்."

முதலில் ஒரு வயதானவர் வந்தார். பைப்படிக்குப் போனார். என் எழுத்தைக் கிட்டப் போய் வாசித்தார். வாசித்துக்கொண்டே பைப்பைப் பூட்டினார். உள்ளே போனார்.

சந்தானம் தேநீரைத் துப்பிவிட்டார்.

அடுத்து ஒரு தாயும் மகளும். மகள் காலை நீட்டி, கைபிடியைத் திருப்பினாள், தண்ணி வரவில்லை, இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி, கடைசியில் பூட்டிவிட்டுத்தான் போனாள். நான் ஓடிப்போய்த் திறந்துவிட்டு வந்தேன். அடுத்தவர் வந்தார், பூட்டினார். திரும்ப ஓடினேன். ஐயர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார், இந்தப் பக்கமே வராத ஐயர், அவர் காலாலே கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கையாலே பைப்பைப் பூட்டிவிட்டுப் போனார். பிறகு தலைவர். அவர் என் எழுத்தை நேராக்கிவிட்டு, பைப்பையும் பூட்டினார்.

"அண்ணே, இவங்க யாருமே பொய் சொல்லல," என்றார் சந்தானம். "இவங்களுக்கே தெரியல."

எனக்கு உடம்பு முழுக்க ஒரு உசார். வானை விட்டு இறங்கி, கோயிலுக்குள் போய்த் தலைவரைப் பிடித்துக்கொண்டு வந்து காட்டவேண்டும் என்று நடந்தேன். பைப்படியைக் கடந்தேன். பின்னால் சந்தானம் கத்தினார், "அண்ணே, கையப் பாருங்க." பார்த்தால் என் கை கைபிடியில் இருக்கிறது. நான், அந்தப் பைப்பைத் திறந்துவிட்டவன், போகிற போக்கில் அதைப் பூட்டிக்கொண்டிருக்கிறேன்.

விளங்கிவிட்டது. நாங்கள் எல்லாம் ஊரில் தண்ணிக்கு வரிசையில் நின்ற சனம். திறந்து கிடக்கிற பைப்பைக் கண்டால் பூட்டாமல் போகமாட்டோம். மூளைக்குச் சொல்லாமலே கை போகும். அதைத் தடுக்க அறிவித்தல் போட்டுப் பலனில்லை. என் வால்வு சரி, என் சரிவு சரி, என் ஒட்டு சரி. கையைத்தான் நான் கணக்கில் எடுக்கவில்லை.

உடனே ஒரு வேலை செய்தேன். கைபிடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டேன். மொட்டைத் தண்டை எப்படிப் பூட்டுவார்கள் பார்ப்போம்.

அடுத்த நாள் விடிய வந்தால் பைப்பில் பளபளவென்று ஒரு புதுக் கைபிடி. பக்கத்தில் மணியக்கா, நெற்றி நிறையத் திருநீற்றோடு, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"கோயில் பைப்புக் கைபிடியைக்கூடக் களவெடுக்கிற காலம் தம்பி," என்றார். "நேற்றுக் கண்டிட்டு எனக்கு நித்திரையில்லை. இவரைக் கடைக்கு அனுப்பி, வாங்கிப் பூட்டுவிச்சுப்போட்டன். எங்கட உபயம்."

"அக்கா, அது களவு போகேல்லை. நான்தான் கழட்டினனான்."

"நீர் ஏன் கோயில் சாமானைக் கழட்டுறீர்?"

"பைப் பூட்டக்கூடாது அக்கா. பூட்டினால் வெடிக்கும்."

"பைப் எண்டால் பூட்டத்தானே வேணும். பூட்டாட்டி அதுக்குப் பேர் பைப்பே?" அவர் கைபிடியைப் பிடித்தார். "இஞ்ச பாரும், இவர் போட்டது எவ்வளவு வடிவாய்ப் பூட்டுது எண்டு." திருப்பினார், நன்றாகத் திருப்பினார், கையைத் தட்டிக்கொண்டார். "முடிஞ்சுது."

நான் குனிந்து பார்த்தேன். கைபிடிதான் சுற்றியது. உள்தண்டு அசையவேயில்லை. மணியக்காவின் மனிசன் வாங்கி வந்தது பிழையான அளவு. துவாரம் பெரிது. மேலே ஆணி பிடித்திருந்ததால் கழன்று விழவில்லை, ஆனால் தண்டைக் கவ்வாமல் சும்மா சுற்றுகிறது. நான் திறந்துவிட்டபடியே பைப் திறந்து கிடக்கிறது. மணியக்கா பூட்டியாச்சு என்று சந்தோசமாக நிற்கிறார்.

அந்தக் கணத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வேன். அந்த இடத்தில் வேறு எந்த பிளம்பர் நின்றிருந்தாலும், 'அக்கா, அளவு பிழை, மாத்திக்கொண்டு வாங்கோ' என்று சொல்லியிருப்பான். என் நாக்கிலும் அந்த வார்த்தை வந்துவிட்டது. வந்ததை விழுங்கினேன். விழுங்கினது என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய வேலை. தொழிலில் இக்கட்டான நேரத்தில், பிழையைக் கண்டவுடனே திருத்தப் போகாதீர்கள். கொஞ்சம் நின்று, அந்தப் பிழை என்ன செய்கிறது என்று பாருங்கள்.

"அக்கா," என்றேன், "இன்னொருக்காப் பூட்டுங்கோ பாப்பம்."

"ஏன், நீர் எனக்குப் பகிடி விடுறீரோ?"

"இல்லை அக்கா, சத்தியமாய். வடிவாய்ப் பூட்டுறியள்."

பூட்டினார். வரிசையில் நின்ற மற்றவரையும் பூட்டச் சொன்னேன். பூட்டினார்கள், திருப்தியாக உள்ளே போனார்கள். சந்தானம் வானுக்குள்ளே இருந்து வந்து, கைபிடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார். பிறகு, "அண்ணே, இத அப்படியே விட்டுடுங்க," என்றார்.

அப்படியே விடுகிற ஆளா நான்? வானின் பின்கதவைத் திறந்து, அங்கேயே வேலை தொடங்கினேன். நான் கழற்றி வைத்திருந்த பழைய பித்தளைக் கைபிடியை எடுத்து, உள்துவாரத்தை அரத்தால் வட்டமாக அராவினேன், தண்டைக் கவ்வாமல் சுற்றட்டும் என்று. பிறகு அதன் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, புரி வெட்டி, ஒரு குட்டித் திருகாணி இறக்கினேன். கோடையில் ஆணியை இறுக்கினால் கைபிடி தண்டைப் பிடிக்கும், பைப் வழக்கம்போலத் திறந்து பூட்டும். குளிர் வர ஆணியைத் தளர்த்தினால் கைபிடி சும்மா சுற்றும், பைப் திறந்தே கிடக்கும். உள்வால்வைப் பூட்டு, வடி, ஆணியைத் தளர்த்து. அவ்வளவுதான் குளிர்கால வேலை. யார் வந்து எத்தனை தரம் பூட்டினாலும் பரவாயில்லை, கை ஆசை தீரட்டும்.

மணியக்காவின் கைபிடியைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தேன். கோபத்தில் வாங்கினார்.

குளிர் விட்டபாடில்லை. நான் ஒவ்வொரு விடியலும் போனேன், ஒவ்வொருவரும் பூட்டுவதைப் பார்த்தேன். திருவெம்பாவை முடியும் முன்னம் ஒரு காலை காற்று மாறி மழை பெய்யத் தொடங்கியது. கூரையில் இருந்து பனி சறுக்கி விழுகிறது, தெருவெல்லாம் தண்ணி. எங்கேயாவது பிளந்திருந்தால் குழாய் வாய் திறக்கிற நேரம் இதுதான். நான் போக முன்னமே தலைவர் அரிசி அறைக்குள் நின்றார். மூட்டைகளை இழுத்து ஒரு பக்கம் வைத்திருந்தார். மூலையில் சிமெந்துப் பையும் இருந்தது, வாங்கியே வைத்துவிட்டார் மனிதர்.

சுவரைத் தடவினார். சட்டைப் பைக்குள் இருந்து லேஞ்சியை எடுத்துக் குழாயைச் சுற்றித் துடைத்தார். லேஞ்சியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். நான் உள்வால்வைத் திறந்தேன். குழாய்க்குள் தண்ணி ஓடுகிற சத்தம், வெளியே பைப்பால் கொட்டுகிற சத்தம். சுவரில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. திரும்பப் பூட்டினேன்.

"காய்ஞ்சுதான் கிடக்கு," என்றார் தலைவர்.

"அப்ப சிமெந்து?"

"வீட்டு முத்தத்துக்குப் போடலாம்."

வெளியே வந்தோம். பைப்படியைக் கடக்கும்போது அவர் கை நீண்டு, கைபிடியைத் திருப்பிப் பூட்டியது. "தண்ணியைத் திறந்து போட்டிட்டு வாறாய், கவனமில்லை உனக்கு," என்று என்னையும் பேசினார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

இதுவரை சொன்னது பைப்பின் கதை. இனிச் சொல்லப்போவது என் கதை.

தைப்பொங்கலன்று கோயிலில் தலைவர் மைக்கைப் பிடித்தார். பைப் காப்பாற்றப்பட்டதைச் சொன்னார். "எங்கள் எஞ்சினியர் சந்தானம் அவர்களுடைய ஆலோசனையாலும், மணியக்கா குடும்பத்தினரின் உபயத்தாலும்" என்றார். அதோடு மைக்கை வைத்துவிட்டார். சந்தானம் நல்ல மனிதர், எழும்பிப் போய், "ஐயா, நான் டீ ஊத்திக்கிட்டு உக்காந்திருந்தேன், செஞ்சது எல்லாம் தவம் அண்ணன்," என்றார். ஆனால் அப்போது பொங்கல் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். சனம் தட்டோடு எழும்பிவிட்டது. கேட்டவர் யார்?

மணியக்கா குளியலறையை என்னிடமே தந்தார், அதையும் சொல்லவேண்டும். பிளேஸ்டோ வீடுகளில் அதற்குப் பிறகு எனக்கு ஓய்வில்லை. கோயிலில் கண்டவர்கள் எல்லாம் தோட்டத்துப் பைப்புக்கு அந்தக் கைபிடி கேட்டார்கள். ஆனால் வீடு வீடாக மணியக்கா சொல்லுவது வேறு. "அது எங்கட இவர் கண்டுபிடிச்சது." இன்றைக்கும் அப்படித்தான் சொல்லுகிறார். அவருக்கு முன்னால் நின்று நான் மறுத்தால், "தம்பி, சுத்தின கைபிடி ஆர் வாங்கினது?" என்று கேட்கிறார்.

பிள்ளைகளே, நீங்களே நீதி சொல்லுங்கள். மணியக்காவின் மனிசன் கடைக்குப் போனது உண்மை. பிழையான கைபிடி வாங்கினது உண்மை. அது சும்மா சுற்றினதும் உண்மை. ஆனால் அவர் அதைச் சரியான கைபிடி என்று நினைத்துத்தான் பொருத்தினார். அது பிழை என்று கண்டவன் நான். அந்தப் பிழைதான் எங்களுக்குத் தேவை என்று கண்டவனும் நான். அரத்தைப் பிடித்தவன், ஓட்டை போட்டவன், ஆணி இறக்கினவன் நான். பெயர் கெட்டபோது கெட்டது என் பெயர். ஒருத்தரும் வந்து அந்தக் கெட்ட பெயரில் பங்கு கேட்கவில்லையே.

போன குளிர்காலம் உங்களில் ஒரு பிள்ளை எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் இந்தக் கைபிடியைப் பொருத்திக்கொண்டு நின்றான். வேலியால் எட்டிப் பார்த்து, "இது ஆர் செய்தது தம்பி?" என்று கேட்டேன். "தெரியாது அங்கிள், எல்லாரும் போடுறது," என்றான். வேலை சுத்தமாகத்தான் செய்திருந்தான். ஆனாலும் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

எல்லாரும் போடுவது சரி. ஆனால் இது எல்லாரும் சேர்ந்து செய்த சாமான் இல்லை. நீங்கள் ஒரு வீட்டில் இந்தக் கைபிடியைப் பொருத்திக் காட்டும்போது, வீட்டுக்காரர் சுற்றிப் பார்த்துச் சிரிப்பார்கள், கட்டாயம் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு நிற்க முன்னம் சொல்லுங்கள்: ஏழாம் வகுப்புப் படித்த தவராசா, எட்மண்டன் கோயில் வாசலில், வானின் பின்கதவில் வைத்து அராவிச் செய்தது. காசு வேண்டாம், மாலை வேண்டாம். என் பெயரைச் சொல்லிவிட்டு, பிறகு உங்கள் கூலியைக் கேளுங்கள்.